பொறாமைக்குப் பெரிய ற

சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. "சின்னம்மாவை நீ நேரில் போய் அழைக்காவிட்டால் என் கல்யாணப் பத்திரிகையே அடிக்க வேண்டாம்" என்று நாலே வரி எழுதி, உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் முடித்திருந்தாய். பெங்களூருக்கு வேலைக்குப் போன இந்த மூன்று வருஷத்தில் நீ எனக்கு இப்படி எழுதியதில்லை. உன் அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, அவன் சொல்வது சரிதானே என்று சொல்லித் தறிக்குப் போய்விட்டார். அந்தக் கோபத்தில் அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போடவில்லை. மறந்துபோய் அல்ல, தெரிந்துதான் போடவில்லை. பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் வசவாகவே வந்தது, கிழித்துப் போட்டேன். இன்றைக்குக் கிழிக்காமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து இது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று எனக்கு இன்னும் தடுமாறும். ஒரு சொல்லில் மட்டும் தடுமாறியதே இல்லை. பொறாமைக்குப் பெரிய ற. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன புதன்கிழமை பக்கத்து வீட்டு அலமேலு விடாமல் கூப்பிட்டதால் மேட்னி ஷோவுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் டாக்குமெண்டரி போடுவார்களே, அது ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகள் பாதிப் பேர் பீடி பிடிக்க வெளியே போய்விட்டார்கள். பெண்கள் பக்கத்தில் முறுக்குக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது. அணைக்கட்டு, உரம், வெள்ளம் என்று ஏதாவது காட்டுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குப் போட்டது அமெரிக்காவில் எடுத்த படம். பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் போட்டி நடக்கிறது. கழுத்தில் ஆளுக்கு ஒரு நம்பர் அட்டை. மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளை மேடையில் நின்று எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மணி அடித்து இறக்கிவிடுவார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ரேடியோக் குரலில் ஒருவர் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதில் காது பெரிதாக ஒரு பையன். ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டு, பிறகு கீழே உட்கார்ந்திருக்கும் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பான். அவள் உதடு அசையாது. தலை மட்டும் லேசாக ஆடும். எதுவானாலும் சொல்லுடா என்கிற மாதிரி. கடைசியில் அவனுக்கு மணி அடித்துவிட்டது. அவன் படி இறங்கி வருவதற்குள் அந்தப் பொம்பிளை நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, அவன் முகத்தை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் காட்டினார்கள், அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்கள். நான் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தேன். "இன்னும் படமே ஆரம்பிக்கலியேமா" என்று அலமேலு பயந்துவிட்டாள். எனக்குத் துக்கமில்லை சேகர், பொறாமை. முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரிமேல் வயிறு எரிகிற பொறாமை. தோற்ற பிள்ளையை அவள் அணைத்துக்கொண்டாள். நான் அணைக்கவில்லை. மெயின் படத்தில் யார் நடித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உனக்கு நான் சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். எனக்குப் பத்து வயசு, என் தங்கை சரோஜாவுக்கு ஆறு. எங்கள் அப்பா தறிக்கு உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகப் புடவை நெய்கிற வேலை வந்தது. அதற்கு ஒருவர் கை போதாது என்று உனக்கே தெரியும். நெய்கிறவர் உடலுக்கு நாடா ஓட்ட, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டு வாங்கி, இழைக்கு இழை உடலையும் கரையையும் பிணைக்க வேண்டும். அதுதான் கோர்வை. அந்த இன்னொரு ஆளாக என்னை உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார். அப்பா என் கையைத் தூக்கிக் காட்டி, "இவளுக்குக் கையி வேகம்மா, படிக்கறதுக்கு சின்னது இருக்குது" என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையாகவே போய்த் தறியில் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆகும் வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். ஐந்தாவதுக்குமேல் எனக்கு என்ன தெரியுமோ அதெல்லாம் அப்படிக் காதால் வாங்கியதுதான். ஒருநாள் அவள் காப்பி நோட்டில் வாத்தியார் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். நான் அந்த நோட்டை எடுத்துப் பாவு நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சியில் முக்கிவிட்டேன். அவள் அப்பாவிடம் தானே தவறிப் போட்டுவிட்டதாகச் சொல்லி அடி வாங்கினாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். காட்டிக்கொடுக்காமல் இருந்ததுதான் இன்னும் எரிந்தது. இப்படி ஒரு பிறவி நான். நீ என் வயிற்றில் பிறந்தவன், உனக்கும் இதில் கொஞ்சம் இருக்கும், பார்த்துக்கொள்.

அவள் டீச்சர் டிரெயினிங் முடித்து, வாலாஜாபாத்தில் வாத்தியாரம்மா ஆனாள். கல்யாணம் ஆனது, பிள்ளை இல்லை. லீவு விட்டால் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நீ திரும்பி வந்ததும் ஆரம்பிப்பாய், சின்னம்மா சொன்னாங்க, சின்னம்மா சொன்னாங்க என்று. சோறு போடுகிறவள் நான். நான் "வாயப்பயம் துன்றியா" என்று கேட்டால், "வாயப்பயம் இல்லமா, வாழைப்பழம்" என்று நாக்கை மடித்துக் காட்டுவாய். தெருவே சிரிக்கும், உன் அப்பாவும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். உள்ளே எனக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையைப் பெற்றவள் நான், அவன் நாக்கைப் பெற்றவள் அவள் என்று தோன்றும்.

உனக்குப் பத்து வயசில், சின்ன காஞ்சிபுரத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பிழை திருத்தி எழுதும் போட்டி வைத்தார்களே, அது உனக்கு ஞாபகம் இல்லாமலா இருக்கும். ஒரு மாசம் ஞாயிறு தவறாமல் சரோஜா பஸ் ஏறி வந்து உனக்குச் சொல்லிக்கொடுத்தாள். போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமையும் வந்தாள். நான் அடுப்பில் கொழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். கோர்வை என்று எழுதக் கூடாது, கோவை என்று எழுத வேண்டும் என்று அவள் உனக்குச் சொல்வது காதில் விழுந்தது. கரண்டியோடு வந்து நின்றேன்.

"கோவைன்னா காயிடீ. வேலியில படர்ந்துக்கினு காய்க்கும். இது கோர்வை. இதுல கையி வச்சவ நானு, நீ இல்ல."

"தறியில அப்படித்தான் சொல்றாங்கக்கா. ஆனா எழுத்துல அது தப்பு."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தப்பு என்று சொல்லிவிட்டாள். என் படிப்பை எடுத்துக்கொண்ட வேலைக்கு இருந்தது அந்த ஒரு பேர்தான். பதினேழு வயசு வரைக்கும் என் முதுகு வளைந்தது அந்தப் பேருக்குத்தான். நான் வளைந்து உட்கார்ந்ததால் படித்தவள், அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று என் வீட்டில், என் பிள்ளையிடம் சொல்கிறாள். அதற்குப் பிறகு நான் என்னென்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். பிள்ளையில்லாதவள் என்பதைக்கூட விடவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாய். அவள் நோட்டு, பென்சில் எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் தெரு தாண்டியதும் உன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி ஒன்று கேட்டேன்.

"நாளைக்கி அந்த வார்த்தை வந்துச்சுன்னா உங்கம்மா சொன்னத எழுதுவியா, சின்னம்மா சொன்னத எழுதுவியா?"

பத்து வயசுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது. நாக்கு அழுகாமல் இருந்ததே பெரிது.

மறுநாள் மேடையில் இரண்டு கரும்பலகை. ஒன்றொன்றாகப் பிள்ளைகள் இறங்கி, கடைசியில் நீயும் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணும்தான் நின்றீர்கள். தமிழய்யா பேச்சில் வருகிற மாதிரி ஒரு சொல்லைச் சொல்வார். பிழை இருந்தால் திருத்தி எழுத வேண்டும், சரியாக இருந்தால் அப்படியே எழுத வேண்டும். வெண்ணை என்றார், வெண்ணெய் என்று எழுதினாய். சிகப்பு என்றார், சிவப்பு என்று எழுதினாய். எனக்கு முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. அப்புறம் அவர் கோர்வை என்றார். ஊர் முழுக்கத் தறி வைத்துக்கொண்டு அவருக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை. அந்தப் பெண் சட்டென்று எழுதிவிட்டாள். நீ சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாய். நான் என்ன முகம் காட்டினேன் என்று இந்தப் பதினாலு வருஷமாக யோசித்ததே இல்லை. போன புதன்கிழமைதான் யோசித்தேன். நீ திரும்பிக் கோர்வை என்று எழுதினாய். அது வழு, கோத்தல், கோவை என்று தமிழய்யா விளக்கம் சொன்னார். எனக்குப் பின்னால் ஒருவர், "அப்ப நாம நெய்யறது என்னாதுபா" என்று கேட்க, பாதி மண்டபம் சிரித்தது.

இப்போது எழுதப்போவதுதான் எழுத முடியாமல் கிழித்துப் போட்டது. நீ தோற்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் சொல்லை எழுதிவிட்டான், அவள் சொல்லை எழுதவில்லை என்று நெஞ்சு குளிர்ந்தது. பரிசை அந்தப் பெண் கையில் கொடுத்து எல்லோரும் கை தட்டியபோதுதான் நீ தோற்றது உறைத்தது. உன் பக்கத்தில் வராமல் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். நீ பின்னாலேயே ஓடிவந்து, "மறந்துட்டேம்மா" என்றாய். சரி, மறந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பா கேட்டதற்கு, சரோஜா தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்றேன். தண்ணிக் குழாயடியிலும் அதையே சொன்னேன். அது கால் முளைத்து வாலாஜாபாத் வரை போயிற்று. வாத்தியாரம்மாவுக்கே எழுத்துத் தெரியவில்லை என்று அங்கே பேச்சாகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நம் வீட்டுப் படி மட்டும் அப்புறம் ஏறவில்லை. நீயும் அதற்குப்பிறகு என் பேச்சைத் திருத்தவில்லை. நான் வாயப்பயம் என்றால் நீயும் வாயப்பயம் என்றாய். அதையும் நான் ஜெயித்ததாகவே கணக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளைக்காரப் பையன் அம்மாவைப் பார்த்த பார்வையில் விடை தெரியாத குழப்பம் இல்லை. நீ பார்த்த பார்வையும் அப்படித்தான் இருந்தது என்று அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குத் தோன்றிவிட்டது. மறந்துபோனவன் மேலே பார்ப்பான், கீழே பார்ப்பான். அம்மா முகத்தை எதற்குப் பார்க்கிறான்? இதைக் கேட்க உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள் என்று மறுநாள் காலையில் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன். ஐயம்பேட்டை தாண்டுகிற வரை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றே உட்கார்ந்திருந்தேன்.

பரீட்சை முடிந்த லீவு என்பதால் அவள் வாசல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். முன்மயிர் வெளுத்துவிட்டது. எனக்கு மூத்தவள் மாதிரி இருந்தாள். அதில்கூட ஒரு நிமிஷம் எனக்குத் திருப்தி, என்னை என்ன செய்வது சொல். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதினாலு வருஷம் கழித்து அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "செருப்ப உள்ள வுடுக்கா, நாயி தூக்கிக்கினு பூடும்."

காப்பி கொடுத்தாள், குடித்தேன். நீ தப்பாகச் சொல்லிக்கொடுத்தாய் என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான் என்றேன். தெரியும் என்றாள். அவனுக்கு அன்றைக்குச் சரியான விடை தெரியுமா என்று கேட்டேன். சிவப்புப் பென்சிலை மூடி வைத்துவிட்டு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோது தலையைக் குனிந்துகொண்டு நீ எழுதினாயே, அந்தப் பக்கம். கோவை, கோவை என்று பத்துத் தரம் எழுதியிருந்தாய், ஒன்றின்கீழ் ஒன்றாக. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. 'பரீட்சைக்குக் கோவை. அம்மாவுக்குக் கோர்வை.'

சண்டை முடிவதற்கு முன்னாலேயே, நான் உன் தாடையைப் பிடிப்பதற்கு முன்னாலேயே நீ முடிவு செய்துவிட்டாய். மறந்துட்டேம்மா என்று பொய் சொன்னதும் எனக்காகத்தான். நான் வாய்விட்டு அழுதேன் என்று நினைத்துக்கொள், எழுதத் தெரியவில்லை.

"இத அன்னிக்கே ஏன்டி காட்டல? உம்மேல பழி வந்துச்சே."

"காட்டியிருந்தா நீ போயி அவனக் கேட்டிருப்பே. அவன் அழுதிருப்பான்க்கா."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். சின்ன வயசில் அவள் எத்தனை முறை நோட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் அப்பா ஏறெடுத்துப் பார்த்ததில்லையாம். என் கையைத்தான் ஊருக்கெல்லாம் காட்டுவாராம். அந்தக் கையைப் பார்த்து அவள் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாளாம். கேட்டபோது எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முதல்நாளே வந்துவிட வேண்டும், மணமேடையில் எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லித் தாம்பூலம் வைத்து அழைத்தேன். வருகிறேன் என்றாள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாம். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அம்மா அல்லவா, சொல்லாமல் இருக்க மாட்டேன். நாளைக்கு உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் ஒன்று சரியா தப்பா என்று பேச்சு வரும். அப்போது திரும்பி என் முகத்தைப் பார்க்காதே. நான் எந்த முகம் காட்டுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. எது சரியோ அதை எழுது. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது எதிலாவது தோற்று வந்தால், செருப்பைத் தேடாமல் முதலில் பிள்ளையைத் தேடு.

கடைசியாக ஒரு காரியம். கிளம்பும்போது அந்த நோட்டை அவளிடம் கேட்டேன். "அது மட்டும் கேக்காதேக்கா" என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. உன் பத்து வயசுக் கையெழுத்து அவள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, பெற்றவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதனால் பதில் கடிதத்தின் அடியில் கோவை என்று எனக்கு எழுதி அனுப்பு. சரியாக, உன் கையால், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுது. அவளிடம் பத்து இருக்கிறது. எனக்குப் பதினொன்று வேண்டும்.

உன் அம்மா